பதினோராவது பொருத்தம்

முட்டை வெள்ளையில் ஊறின துணி பிளாஸ்டரைவிட நல்லது, மேடம். சிற்பம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடும், ஆனால் கனம், கைதவறினால் தூள். புத்தூரில் எலும்பு முறிவுக்குப் போடுகிற கட்டு வேறு மாதிரி. பச்சிலை விழுதும் முட்டை வெள்ளையும் ஏறின துணி நல்ல வெயிலில் காய்ந்தால் ஓடு போல ஆகிவிடும், எடையே இருக்காது. கழற்றியபின் உள்ளே விரலை விட்டுத் தடவினால் முழங்கையின் சுருக்கம்கூடத் தட்டுப்படும். கட்டுப் பிரித்தவர்கள் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. வைத்தியர் வாசலில் குவியலாகக் கிடக்கும். நான் முதலில் போனது அந்தக் குவியலுக்காகத்தான்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நல்லது. திருப்பதியில் பிழைப்பு தெலுங்கில்தான் நடக்கிறது. ஆனால் ஒன்றைக் கோர்வையாகச் சொல்லத் தமிழ்தான் வருகிறது. என் பெயர் இயேசுதாசன். சொந்த ஊர் சித்தூர், பழைய மிஷன் சபைக் குடும்பம். எங்கள் சபையில் பாவ அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிவிடுவோம். தனியாளாகச் சொல்லிப் பழக்கமில்லை. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒரே விஷயம் என்றீர்கள். பவன்குமாரின் கைக்குழந்தைக்குத் தொடையில் கட்டுப் போட்டது யார்? பிறக்கும்போது முறிந்த இடம் ஒன்று, கட்டுக்குப் பிறகு முறிந்த இடம் இன்னொன்று என்று வேலூர் டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். கட்டியது தான்தான் என்று பவன்குமார் சொல்கிறான். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் அவனை நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. முகத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் ஆட்களைக் கையிலிருந்துதான் பார்க்க ஆரம்பிப்பேன்.

கலைவாணியையும் அப்படித்தான் பார்த்தேன். புத்தூரில் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். முப்பது வயதுப் பெண். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உயரம்தான். தும்மினால் விலா முறிகிற உடம்பு. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அவர்கள் கிராமத்தில் ஆதார், ரேஷன், கரண்ட் பில் எல்லாம் பார்த்துக் கொடுக்கிற ஆன்லைன் கடை வைத்திருக்கிறாள். அந்த மண்டலத்தில் அவள் வாய்க்குப் பயப்படாத அதிகாரி இல்லை. பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தது அவளுடைய அம்மா ரத்னம்மா. கழற்றின கட்டைக் கலைவாணி மடியில் வைத்திருந்தாள். அதை எனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள் கலைவாணி.

"சிற்பம் செய்ய."

"உள்ள கையே இல்லியே. காலிக் கட்டுல இன்னா பொம்ம செய்வீங்க?"

"உள்ளே இல்லாததுதான் சிற்பம்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யம்மா, இந்தாளு நம்ம வூட்டுக் கோணிய பாத்தாருன்னா மயங்கி வுழுந்துடுவாரு."

அவள் சொன்னது உண்மை. கழற்றின கட்டை நாலு பேர் மிதித்தால் அதே இடம் மறுபடி ஒடியும் என்று ரத்னம்மாவுக்கு ஒரு பயம். அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அந்தத் தாயே பிடித்துவைத்துக்கொண்ட பயம். மகளின் ஒவ்வொரு கட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கோணியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தாள். நான் போன அன்று தரையில் கொட்டினார்கள். இரண்டு வயதில் போட்ட கணுக்காலிலிருந்து ஆரம்பித்து, கையும் காலுமாக, கோணிக்குள்ளிருந்து ஒரு ஆள் வளர்ந்து வெளியே வந்த மாதிரி இருந்தது. முதலில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

என்னுடைய வேலை என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். சில வருடங்களாக மரபணு ஆராய்ச்சியை ஒட்டித்தான் என் சிற்பங்கள். உடம்புக்குள் இருப்பதை ஒருவர் படித்துவிடலாம் என்று ஆகிவிட்டது. படித்தவர் அதை வைத்து என்ன செய்யலாம், யாரிடம் சொல்லலாம், யார் பிறக்கலாம் என்று யார் தீர்மானிப்பது? இதற்கு விஞ்ஞானிகளிடமும் பதில் இல்லை. சிற்பம் பதில் சொல்ல வேண்டியதில்லை, கேள்வியைக் கண் முன்னால் நிறுத்தினால் போதும். அந்தத் தரையில் என் கேள்வி கிடந்தது.

கலைவாணி சும்மா கொடுக்கவில்லை. "துட்டு கிட்டு பேசாதீங்க பொம்ம சார்" என்றாள். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். "எனக்கு ஒண்ணு தெரியணும். இது எதுனால வருது? தேனு எங்க மாமாவ கட்டிக்கலாமா, வேணாமா? அத்த கண்டுபுடிச்சு சொல்லுங்க. கோணியோட எத்துக்கினு போங்க."

தேனு என்பது அவள் தங்கை தேன்மொழி. தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாமா என்பது பவன்குமார், ரத்னம்மாவின் கடைசித் தம்பி. அவனுக்கும் அங்கேயே வேலை. இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள். தாய்மாமனுக்குக் கொடுப்பது அந்த வீட்டில் பேசி முடிவெடுக்கிற விஷயமே இல்லை. ரத்னம்மா கட்டிக்கொண்டதும் அத்தை மகன் ஏகாம்பரத்தைத்தான். தேதி குறிக்கப் போனபோது கலைவாணி குறுக்கே நாற்காலியை நிறுத்தினாள். சொந்தத்தில் கட்டினால் இப்படிப் பிறக்கும் என்று கைபேசியில் எங்கோ படித்திருக்கிறாள். நிச்சயமாகத் தெரியட்டும், அதுவரை கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அரக்கோணத்தில் சொந்தமில்லாத ஒரு அசல் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்கள்.

தேன்மொழி அன்று என்னிடம் நேராகச் சொன்னாள். "இருந்தா வேணாம் சார். மாமான்னா எனக்கு உசுரு, அது வேற. அக்கா ஒவ்வொரு தபாவும் கத்துனத்த கேட்டுக்கினே வளந்தவ நானு. என் வவுத்துல பொறக்கறது அப்பிடிக் கத்தக் கூடாது."

பவன்குமார் வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். "அவ சொல்றதுதான் சார்" என்றான்.

இதை நான் மறைக்கவில்லை. அவள் என்ன முடிவெடுத்திருப்பாள் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

திருப்பதியில் கன்னிகா என்று மரபணு ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண்மணி. என் வேலைகளைப் பார்த்துவிட்டு அவராகவே பழக்கமானவர். எச்சில் எடுத்துக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார். சோதனை எதற்கு என்பதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். நானே விளக்கினேன், நானே வாங்கினேன். குழாய்களைக் கொண்டுபோன அன்று அந்த வீட்டில் ஒரே சிரிப்பு. ஏகாம்பரம் மாங்காய்ப் பருவத்தில் பங்காருபாளையம் தோப்புகளுக்கு வேலைக்குப் போகிறவர், அப்போதுதான் திரும்பியிருந்தார். குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஜாதகத்துல பத்துப் பொருத்தமும் பாத்தாச்சு. இது இன்னா பதினோராவது பொருத்தமா? எச்சிப் பொருத்தம்!"

"வெத்தல போட்டுக்கினு துப்பலாமா சார்?" என்றாள் ரத்னம்மா. "வெறும் வாயில வரமாட்டேங்குது."

"நைனா துப்பறத்த பாத்தா லேப்பே மூடிடுவாங்க" என்றாள் கலைவாணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, சிற்பத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எச்சில் வாங்கின அன்றே கோணியையும் என் காரில் ஏற்றிவிட்டார்கள். என் பட்டறை ரேணிகுண்டா சாலையில் இருக்கிறது. இரும்பில் வில் போல ஒரு சட்டம் செய்து, ஓடுகளை வயது வரிசையில் தொங்கவிட்டிருந்தேன். இரண்டு வயதுக் கணுக்காலில் ஆரம்பித்து இப்போதைய மணிக்கட்டில் முடியும். காற்று வந்தால் ஒன்றோடொன்று லேசாக மோதி ஒரு சத்தம் வரும், காய்ந்த புளியங்காய் குலுங்குவது போல. சென்னையிலிருந்து கண்காட்சி அமைக்கிற அம்மா ஒருவர் வந்து பார்த்தார். வரிசை நெடுகிலும் மெல்ல நடந்துபோய்விட்டு ஆரம்பத்துக்கே திரும்பிவந்தார்.

"இதுக்கு முன்னாடி?" என்றார்.

கலைவாணிக்குப் பிறந்தபோதே தொடை முறிந்ததாம். ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்துக் கட்டி, பிறகு வீசிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"அப்படின்னா இது பாதியில ஆரம்பிக்குது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதல் இடம்தான் என் கண்ணில் பட்டது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி.

அந்த வாரமே கன்னிகா போன் செய்தார். எலும்புக்கு உறுதி கொடுக்கிற சத்தை உடம்பு செய்யும்போது ஒரு பிழை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வந்தால்தான் கலைவாணி மாதிரி ஆகும். ஒரு பக்கம் மட்டும் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாகவே இருப்பார்கள். தேன்மொழியிடம் அது இருக்கிறது. பவன்குமாரிடமும் இருக்கிறது. அவர்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

"நானே வந்து சொல்றேன் சார்" என்றார் கன்னிகா.

"அவர்கள் கூச்சப்படுகிறவர்கள். நான் பக்குவமாகச் சொல்கிறேன்."

"கட்டிக்கவே கூடாதுன்னு இல்ல சார். கருவுலயே பாத்துடலாம், இப்ப வழி இருக்கு. ஆனா தெரிஞ்சு செய்யணும். அத்த மட்டும் விட்டுடாதீங்க."

விடமாட்டேன் என்றேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

மறுநாள் காரில் கிராமத்துக்குப் போனபோதுதான் யோசித்தேன். கலைவாணியின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லப் போகிறேன்? உன்னைப் போல இன்னொருத்தி பிறந்துவிடக் கூடாது என்றா? ஒரு ஊரின் பாதி வேலையைத் தன் நாற்காலியிலிருந்து நடத்துகிறவள். அவள் பிறந்தது ஒரு பிழை என்று சொல்ல நான் யார்? உலகம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் படித்திருக்கிறேன். தெரியாமல் இருப்பதும் ஒரு உரிமை என்கிறார்கள். தவிர, நாலில் மூன்று பங்கு நல்ல குழந்தை. நான் அந்த மூன்று பங்கின் பக்கம் நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர்கள் எல்லோரும் கூடத்தில் காத்துக்கொண்டிருந்தார்கள். தேன்மொழி வேலைக்கு லீவு போட்டிருந்தாள். "பயப்பட ஒன்றுமில்லை" என்றேன். "தாராளமாகக் கல்யாணம் செய்யலாம்."

ரத்னம்மா சுவரில் இருந்த பெருமாள் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார். பவன்குமார் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். கலைவாணி மட்டும் அசையவில்லை.

"ஒண்ணுமில்லன்னா, எனக்கு இன்னா?"

"உனக்கு வந்தது உன்னோடு நின்றுவிட்டது" என்றேன்.

"அதெப்பிடி நிக்கும்? எங்கிருந்தோ வந்துதானே என்னாண்ட நிக்குது?" நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "அந்த மேடம் நம்பரு குடுங்க. நானு ஒரு வார்த்த பேசிக்கறேன்."

"அவர் வெளிநாடு போய்விட்டார்."

"சர்லே" என்றாள். தெலுங்கில் அவள் அப்படிச் சொன்னால் நம்பவில்லை என்று அர்த்தம். "திரும்பி வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கலாம் நைனா" என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் அதட்டினார். நல்ல சேதி வந்த வீட்டில் அபசகுனமாகப் பேசாதே என்றார். தேன்மொழி அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அழுத்தாமல், கன்னம் படுகிற அளவுக்கு மட்டும். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது கைவந்திருந்தது.

கலைவாணி அன்று என்மேல் சந்தேகப்பட்டது சரி. ஆனால் எதற்காகப் பொய் சொல்வேன் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் அப்போது பிடிபட்டது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பட்டறைக்குத் திரும்பினேன். சட்டத்தில் முதல் இடத்தில் ஒரு சின்னக் கொக்கியைப் பற்றவைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். வரிசைக்கு அது தேவைப்பட்டது.

கன்னிகா பிறகு கேட்டார். "சொல்லிட்டீங்கல்ல சார்?" சொன்னேன், தெரிந்தேதான் கட்டிக்கொண்டார்கள் என்றேன். "கருவுல பாத்துக்கறாங்களா?" வேண்டாம் என்கிறார்கள், கடவுள் விட்ட வழி என்கிறார்கள் என்றேன். அவர் மனது கஷ்டப்பட்டது குரலிலேயே தெரிந்தது. அது அவங்க முடிவு என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை.

குழந்தை பிறந்ததும் பவன்குமார் எனக்குத்தான் முதலில் போன் செய்தான். பெண் குழந்தை. பிரசவத்தின்போதே வலது தொடை முறிந்திருந்தது. "கலைவாணி மாதிரியே சார்" என்றான். என்னைத் திட்டவில்லை. சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தும் இப்படி ஆகிவிட்டதே, அது தங்கள் தலையெழுத்து என்று நினைத்தான். பிறந்த ஆஸ்பத்திரியில் தொடைக்கு அடியில் பஞ்சு மெத்தை வைத்து, வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். எலும்புக்கு மருந்து ஏற்றுவார்களாம், சீக்கிரம் ஆரம்பித்தால் நல்லதாம். குழந்தையைத் தூக்க ஒரு நர்ஸம்மா தேன்மொழிக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, பஞ்சோடு சேர்த்து ஏந்த வேண்டும்.

நான் சொன்னேன், வேலூர் எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் புத்தூருக்குப் போவோம். கலைவாணிக்கு எலும்பு அத்தனை தடவையும் சேர்ந்தது அங்கேதானே. அவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது. என் காரிலேயே போனோம். வைத்தியர் குழந்தையைத் தொடக்கூட இல்லை. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"இது நான் கட்டற எலும்பு இல்ல நைனா. பச்ச மண்ணு. நேரா வேலூருக்கு எத்துக்கினு போ."

நான் கொஞ்சம் வற்புறுத்தினேன். அவர் எழுந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் என் பட்டறை இருக்கிறது. நானே கட்டுகிறேன் என்றேன். அந்தக் கட்டை வருடக்கணக்கில் பிரித்துப் பார்த்தவன், எத்தனை சுற்று, எவ்வளவு ஈரம், எல்லாம் எனக்குத் தெரியும். தொடை ஆடாமல் இருந்தால்தான் வேலூர் வரை தாங்கும் என்றும் சொன்னேன். பவன்குமார் தேன்மொழியைப் பார்த்தான். "சாரு கை பூ மாதிரி" என்றான். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். பருத்திப் புடவையைக் கிழித்து, முட்டையை உடைத்து வெள்ளையைப் பிரித்து, நான் கட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. காய்ந்தபின் பிரித்துக்கொண்டு வேலூருக்குப் போகலாம் என்று ஏற்பாடு. காய்வதற்கு நான் சொன்ன நாள் கொஞ்சம் அதிகம்தான்.

பிரிக்கிறபோது கத்தரியை வைத்து நீளவாக்கில் வெட்டித் திறப்பார்கள், மேடம். அது வலிக்காது. ஆனால் வெட்டினால் ஓடு இரண்டாகிவிடும், பிறகு ஒட்டினாலும் தழும்பு தெரியும். அவர்கள் குழந்தையோடு மறுபடி பட்டறைக்கு வந்த அன்று, நான் வெந்நீரில் விளிம்பைத் தளர்த்தி, காலுறை கழற்றுவது போல முழுசாக இழுத்தேன். பாதத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு சின்னச் சத்தம் கேட்டது. தேன்மொழி அப்போது பால்புட்டி கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். குழந்தை அழ ஆரம்பித்ததும் ஓடிவந்தாள். பசி என்று சொன்னேன்.

ஓடு முழுசாக வந்தது. உள்ளே முழங்காலின் பின்பக்க மடிப்பு, இரண்டு கோடு, அப்படியே பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் யார் கட்டினது என்று கேட்பார்கள், சிற்பி கட்டினார் என்று சொன்னால் ஏளனம் செய்வார்கள், நீயே கட்டினதாகச் சொல் என்று பவன்குமாரிடம் சொல்லி அனுப்பினேன். அவன் இன்றுவரை அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவ்வளவு நல்ல பையன்.

என் மனைவி எலிசபெத் சித்தூரில் டீச்சர். சனி ஞாயிறு வருவாள். பட்டறையில் அந்தச் சின்ன ஓட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கதவருகில் நின்று கவனித்திருக்கிறாள். "அந்தக் கொழந்தைய ஒரு தடவையாவது ரெண்டு கையால ஏந்தினீங்களா?" என்று கேட்டாள். தேன்மொழி வைத்திருந்தாளே என்றேன். அவள் அப்போதே பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய்விட்டாள். எங்களுக்குள் வேறு மனஸ்தாபம் எதுவும் இல்லை.

கண்காட்சியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். திருப்பதி மண்டபத்தில் முதல் நாள் நல்ல கூட்டம். 'பதினோராவது பொருத்தம்' முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். தேன்மொழியும் குழந்தையும் வேலூரில். கலைவாணியைப் பவன்குமார் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுடைய ஓடுகள் அல்லவா, நான்தான் அழைத்திருந்தேன். அவள் வரிசையைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "இது மாடிப்படி. இது பஸ்சு. இது தும்மல்" என்று ஒவ்வொன்றுக்கும் பவன்குமாரிடம் சொல்லிச் சிரித்தாள். முதல் கொக்கிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

கன்னிகாவும் வந்திருந்தார். கலைவாணியை அடையாளம் கண்டு பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நீங்க கலைவாணிதானே? எச்சில் சோதன செஞ்சது நான்தான். உங்க தங்கச்சி தைரியசாலி. எல்லாம் தெரிஞ்சே பெத்துக்கினாங்க."

"எத்த தெரிஞ்சு?" என்றாள் கலைவாணி.

கன்னிகா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், நீங்க வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தீங்க?" என்றாள் கலைவாணி.

"வெளிநாடா? நான் ரேணிகுண்டாவத் தாண்டியே ரெண்டு வருஷம் ஆவுதும்மா."

பிறகு அவர்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நீளமாக ஒன்றும் இல்லை. பவன்குமார் கேட்டுக்கொண்டு நின்றான். நான் விலகிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே இடத்தில்தான் நின்றேன். கலைவாணி மடியில் கிடந்த ஊன்றுகோலை எடுத்தாள். அதை இரண்டு கையாலும் ஓங்கினால் தன் எலும்பு தாங்காது என்று அவளுக்குத் தெரியாதா? ஓங்கினாள். ஒவ்வொரு ஓடாக, மணிக்கட்டிலிருந்து பின்னோக்கி அடித்துக்கொண்டே போனாள். பாதியில் அவளுடைய கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். அதற்குப் பிறகும் இன்னொரு கையால் அடித்தாள். முதல் கொக்கியில் இருந்ததை மட்டும் தொடவில்லை. அதைப் பார்த்துக் கத்தவும் இல்லை.

என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள். "எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பொம்ம சார், இப்பிடிப் பொறந்து இன்னா சுகம், இன்னா வலின்னு. நீ கேக்கவே இல்லியே."

நான் அதை நினைத்துப் பார்த்தேன். அவள் சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது. நான் கேட்டேன். அந்தச் சிற்பம் முழுக்கவே அந்தக் கேள்விதான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். போலீசிடம் சொல்வது கோர்ட்டில் நிற்காது என்று தெரியும்; எங்கே வேண்டுமானாலும் திரும்பச் சொல்கிறேன். இருவருக்கும் அந்தப் பிழை இருப்பது தெரிந்தும் இல்லை என்று சொல்லிக் கல்யாணத்தை நடத்திவைத்தது நான். தெரிந்தேதான் செய்தார்கள் என்று கன்னிகாவிடம் சொன்னதும் நான். வேலூருக்குப் போக வேண்டிய குழந்தையைத் தாமதப்படுத்தி, வைத்தியர் மறுத்த கட்டைப் போட்டதும், அதை வெட்டாமல் கழற்றினதும் நான்தான். முதல் கொக்கி காலியாக இருந்தது, அதற்காகத்தான். பவன்குமாரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மண்டபத்துக்காரர்கள் கலைவாணிமேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் சொல்லிவிட்டேன். அவர்கள் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். அந்தச் சின்னக் கட்டை உடைந்த துண்டுகளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு அந்த அலமாரியில் வைத்திருக்கிறார்கள். மேலே என்னென்னவோ அடுக்கியிருக்கிறது. அதைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம். இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்து, கொஞ்சம் பஞ்சோடு ஏந்தச் சொல்லுங்கள். ரொம்பப் பிஞ்சு, தாங்காது.